எல்லோருக்கும் இடமுண்டு, எதிர்க்கேள்விக்கு மட்டும் இல்லை

உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். 1997-இல் வந்த 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' படத்தைப் போன வாரம் பார்த்திருக்கிறீர்கள். மனிதர்களுக்கும் ராட்சதப் பூச்சிகளுக்கும் விண்வெளியில் நடக்கும் போர்தான் கதை. ஆணும் பெண்ணும் ஒரே படைப்பிரிவில் சண்டை போடுகிறார்கள், ஒரே குளியலறையில் கூச்சமில்லாமல் குளிக்கிறார்கள். நிறம் பார்த்து யாரும் யாரையும் ஒதுக்குவதில்லை. பாதிப் படத்தில் மொத்தப் படைக்கும் தலைமை ஒரு கறுப்பினப் பெண்ணிடம் போகிறது. இவ்வளவு முற்போக்கான சமூகத்தைக் காட்டும் படத்தை எதற்காகப் பாசிசத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள் என்று கேட்கிறீர்கள். உங்கள் நண்பரோ "அது நையாண்டி, உனக்குப் புரியவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். படத்தில் போயனஸ் அயர்ஸ் நகரத்தையே அழிக்கும் அந்த எரிகல் பற்றியும் ஒன்று கேட்டிருக்கிறீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எல்லாத் தரப்பினரும் சமமாக இடம்பெற்றுவிட்ட ஒரு சமூகம் மோசமான சமூகமாகவும் இருக்க முடியுமா? முடியும் என்பதுதான் என் பதில். அந்தப் படத்தை எடுத்தவர்கள் சொல்ல வந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். சென்னையில் காட்சித் தொடர்பியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக சினிமாப் பாடம் நடத்துகிறேன், இந்தப் படத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டி விவாதிப்பது வழக்கம். ராணுவம் பற்றி எனக்கு அனுபவ அறிவு கிடையாது. ஆகவே ஒரு படம் எப்படிப் பேசுகிறது என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தின் மூலம் ராபர்ட் ஹைன்லைன் எழுதி 1959-இல் வந்த நாவல். அடுத்த வருடமே அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. அமெரிக்கா அணுகுண்டுச் சோதனையை நிறுத்த வேண்டும் என்ற குரல் 1958-இல் எழுந்தபோது, அதை எதிர்த்து விளம்பரம் கொடுத்தவர் ஹைன்லைன். அந்தச் சூட்டில் எழுதிய நாவல் இது. அரசுக்குச் சேவை செய்து முடித்தவர்களுக்கு மட்டுமே ஓட்டுரிமை என்ற ஒரு எதிர்கால அரசை அதில் அவர் மரியாதையோடுதான் வரைந்தார். இயக்குநர் பால் வெர்ஹோவன் நேர் எதிர்த்திசையிலிருந்து வந்தவர். 1938-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த ஹேக் நகரில் சிறு பிள்ளையாக வளர்ந்தவர். ஜெர்மானியர் வி-2 ராக்கெட்டுகளை அந்த நகரத்திலிருந்து ஏவினார்கள், அதனால் நேச நாட்டு விமானங்கள் அங்கே குண்டு போட்டன. நாவலைத் தன்னால் முழுதாகப் படித்து முடிக்க முடியவில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தொடக்க விளம்பரக் காட்சிகளை லேனி ரீஃபன்ஸ்டால் நாஜிக் கட்சிக்காக எடுத்த 1935-ஆம் வருடப் படத்திலிருந்து தெரிந்தேதான் எடுத்தாண்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். திரைக்கதை எழுதிய எட்வர்ட் நியூமையர் அதற்குப் பத்து வருடம் முன்பு 'ரோபோகாப்'பில் இவரோடு வேலை செய்தவர். அதிலும் கதைக்கு நடுவே போலிச் செய்தி அறிக்கைகளும் போலி விளம்பரங்களும் உண்டு. எடுத்தவர்களின் நோக்கம் நையாண்டி என்பதில் உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் நோக்கம் என்ன என்பதைச் சொல்லிவிட்டால் படம் என்ன செய்கிறது என்பதற்கும் பதில் கிடைத்துவிடாது. அங்கேதான் உங்கள் கேள்வி நியாயமாகிறது.

படம் எப்படித் தொடங்குகிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் வருவதற்கு முன்பே ஒரு அரசு விளம்பரம் வந்துவிடுகிறது. வரிசையாக நிற்கும் வீரர்கள் ஒவ்வொருவராகக் கேமராவைப் பார்த்து "என் பங்கை நான் செய்கிறேன்" என்கிறார்கள். கடைசியாக ஒரு பொடியன், அவனும் ராணுவ உடையில், "நானும்தான்" என்கிறான், பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அந்த வரிசையில் ஆண் உண்டு, பெண் உண்டு, பல நிறத்தவர் உண்டு. ரீஃபன்ஸ்டால் படத்தில் ஒரே இனத்து இளைஞர்கள் நின்ற இடத்தில் வெர்ஹோவன் எல்லா இனத்தையும் நிற்க வைக்கிறார். அணிவகுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. முகங்களை மாற்றினாலும் அணிவகுப்பு அணிவகுப்புதான் என்பது முதல் நிமிஷத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் பார்க்க நன்றாக இருக்கிறது.

எங்கள் தலைமுறைக்கு இந்தச் செய்திப்பட வடிவம் புதிதில்லை. 1948-இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப் படங்களையும் ஆவணப் படங்களையும் மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டியாக வேண்டும் என்பது அப்போது தியேட்டர் உரிமத்தின் நிபந்தனையாக இருந்தது. அணைக்கட்டு, அறுவடை, அமைச்சர் வருகை, வெள்ள நிவாரணம் என்று ஒரு கனத்த குரல் சொல்லிக்கொண்டே போகும். பலர் வெளியே சிகரெட் பிடித்துவிட்டு நியூஸ் ரீல் முடிந்ததும் உள்ளே வருவார்கள். அந்தக் குரல் பொய் சொன்னது என்று நான் சொல்லவரவில்லை. அது எதையும் கேட்டதில்லை, அறிவித்தது, அவ்வளவுதான். இந்தப் படத்தில் வரும் அரசுச் செய்தியும் அதே குரலில் பேசுகிறது. ஒவ்வொரு துண்டும் முடியும்போது "மேலும் தெரிந்துகொள்ள விருப்பமா?" என்று திரையில் வருகிறது. பார்ப்பவர் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்ற பட்டியலை அரசே போட்டு வைத்திருக்கிறது, சுட்டுவது மட்டும்தான் நம் வேலை. ஒரு கொலைகாரனைக் காலையில் பிடித்து, அன்றே விசாரித்து, அன்று மாலை ஆறு மணிக்கு எல்லா சேனலிலும் மரண தண்டனை ஒளிபரப்பு என்று ஒரு துண்டு வரும், கவனித்தீர்களா? சில நொடிகள்தான். மேல்முறையீடு என்ற சொல்லே அந்த உலகத்தில் இல்லை.

இப்போது நீங்கள் சொன்ன சமத்துவத்துக்கு வருகிறேன். அது போலி என்று நான் சொல்ல மாட்டேன். படத்துக்குள் அது நிஜமாகவே இருக்கிறது. நாவலில் பெண்கள் விண்கலம் ஓட்டுவார்கள், ஆனால் காலாட்படையில் இல்லை. படம் அவர்களைக் காலாட்படைக்குள்ளும் கொண்டுவருகிறது. இங்கே நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992-லிருந்து பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். அவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்க 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பீரங்கிப் படைக்குப் பெண் அதிகாரிகள் முதன்முதலாகப் போனது 2023-இல். காலாட்படையில் இன்றும் இடமில்லை. அந்தப் போராட்டம் முழுக்க நியாயமானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. ஆனால் ஒரு நிறுவனத்துக்குள் யாரெல்லாம் நுழையலாம் என்பது ஒரு கேள்வி, அந்த நிறுவனம் உள்ளே வந்தவர்களை வைத்து என்ன செய்கிறது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிவிட்டு இரண்டாவதில் பூஜ்யம் வாங்கும் ஒரு உலகத்தைக் கற்பனை செய்ததில்தான் இந்தப் படத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

நீங்கள் சொன்ன அந்தக் குளியலறைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். பார்ப்பவர்கள் உடம்பைப் பார்ப்பதில் பேச்சைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். பேச்சு என்ன? எதற்காகப் பட்டாளத்தில் சேர்ந்தாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். ஒருவருக்கு ஹார்வர்டில் படிக்கக் காசு வேண்டும், அரசு கட்டும் என்பதால் சேர்ந்தாராம். ஒருவருக்கு அரசியலுக்குப் போக ஆசை, சேவை முடித்துக் குடிமகன் ஆகாமல் அது முடியாது. ஒரு பெண்ணுக்குக் குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை, பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு அனுமதி சுலபமாகக் கிடைக்கும் என்கிறாள். குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும் என்பதை ஷாம்பு போட்டுக்கொண்டே சொல்கிறாள், பக்கத்தில் நிற்பவர் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை! ஆண் பெண் பேதம் போய்விட்ட அதே அறையில் படிப்பும் பிள்ளைப்பேறும் ஓட்டும் ராணுவத்தின் கையில் இருக்கின்றன. வகுப்பில் இந்த இடத்தில் படத்தை நிறுத்தி வசனத்தை மட்டும் எழுதிக்காட்டச் சொல்வேன். எழுதி முடித்த பிறகுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதில் வர்க்கமும் இருக்கிறது, அதைப் பெரும்பாலான விமர்சனங்கள் தொடுவதில்லை. நாயகன் ஜானி ரிக்கோவின் பெற்றோர் பணக்காரர்கள், ஓட்டுரிமை இல்லாதவர்கள், அதைப் பற்றிக் கவலையும் இல்லாதவர்கள். பையன் பட்டாளத்துக்குப் போகிறேன் என்றதும் அப்பா எதிர்க்கிறார், கடற்கரைச் சுற்றுலாவுக்கு அனுப்புகிறேன் என்று ஆசை காட்டுகிறார். வசதி உள்ளவனுக்கு ஓட்டு இல்லாமலும் ஓடும். ஹார்வர்டுக்குக் காசில்லாதவனுக்குத்தான் பட்டாளம் தேவைப்படுகிறது. நம் வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு, அந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேசபக்தி இல்லையென்று அர்த்தமில்லை, அதோடு பென்ஷனும் கேண்டீன் கார்டும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்தே வருகின்றன. ராணுவத்தில் சேர்க்கும் இடத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை நினைவிருக்கிறதா? காலாட்படை என்றதும் இயந்திரக் கையால் ரிக்கோவின் கையைக் குலுக்கி, "இன்றைக்கு நான் மனுஷனாக இருப்பதே காலாட்படையால்தான்" என்று பெருமையாகச் சொல்வார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளுவார், இரண்டு காலும் இருக்காது. ராஸ்சாக் என்ற வாத்தியாருக்கு ஒரு கை இல்லை. பூச்சியை அறுத்துக் காட்டும் உயிரியல் ஆசிரியைக்குக் கண் தெரியாது. போரின் விலை படம் முழுக்க உடம்புகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் படத்துக்குள் ஒருவர்கூட இல்லை.

சேவை செய்தவனுக்கே ஓட்டு என்பதைப் பலர் வெறும் கற்பனை என்று நினைக்கிறார்கள். சென்னைக்காரர்கள் அப்படி நினைக்கக் கூடாது. 1935-ஆம் வருட இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் 1937-இல் மதராஸ் மாகாணத்தில் தேர்தல் நடந்தபோது எல்லோருக்கும் ஓட்டு இல்லை. வரி, சொத்து, படிப்பு என்று தகுதிகள் இருந்தன. அந்தத் தகுதிகளில் ஒன்று, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவராகவோ விடுவிக்கப்பட்டவராகவோ இருப்பது. பென்ஷன் வாங்கும் படைவீரர் விதவைகளுக்கும் ஓட்டு இருந்தது. ஆக ராஸ்சாக் வாத்தியார் வகுப்பில் நடத்தும் பாடத்தின் ஒரு துண்டு, நம் தாத்தாக்கள் காலத்தில் சட்டப் புத்தகத்தில் இருந்த சங்கதி. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, 21 வயதானால் போதும், வேறு எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று முடிவெடுத்து 1951-52-இல் முதல் பொதுத் தேர்தலை நடத்தினோம். பிறகு 1989-இல் அந்த வயதையும் 18 ஆகக் குறைத்தோம். ஓட்டைச் சம்பாதிக்க வேண்டும் என்ற வாதம் கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கும், வாட்ஸப்பில் மாதத்துக்கு ஒரு முறையாவது யாராவது அனுப்பிவிடுகிறார்கள். படத்தில் ராஸ்சாக் அதைச் சொல்லும்போது பிசிறில்லாத குரல், நல்ல ஒளி, நல்ல கோணம். வெர்ஹோவன் அவரைக் கோமாளியாக்கவில்லை. ரிக்கோ பாடப் புத்தக விடையை அப்படியே ஒப்பிக்கிறான். "சரி, அதன் அர்த்தம் புரிகிறதா? அதை நம்புகிறாயா?" என்று வாத்தியார் கேட்டால், "தெரியவில்லை" என்கிறான். அவன் படம் முழுக்கச் சொல்லும் நேர்மையான ஒரே பதில் இதுதான் என்பேன். அப்புறம் அவன் யோசிப்பதையே விட்டுவிடுகிறான்.

அடுத்தது மொழி. அமெரிக்க விமர்சகர்களுக்கு இது பெரிதாகப் படவில்லை, தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும் எனக்கு முதலில் உறுத்துவதே இதுதான். கதை நடக்கும் ஊர் அர்ஜென்டினாவின் போயனஸ் அயர்ஸ். நாயகன் பெயர் ரிக்கோ, நாயகி இபான்யெஸ், இன்னொருத்தி ஃப்ளோரெஸ். எல்லாம் ஸ்பானியக் குடும்பப் பெயர்கள். ஆனால் ஸ்பானிய மொழி எங்கே? வீட்டுக்குள் அப்பா அம்மாவோடு பேசும்போதுகூட ஒரு வார்த்தை வருவதில்லை. நடித்தவர்கள் வெள்ளை அமெரிக்க முகங்கள், பேசுவது அமெரிக்க உயர்நிலைப்பள்ளி ஆங்கிலம். நாவலில் இது இன்னும் சுவாரஸ்யம். அங்கே நாயகன் ஹுவான் ரிக்கோ ஒரு பிலிப்பினோ, வீட்டில் தகாலோக் பேசுபவன். அதை ஹைன்லைன் ஆரம்பத்தில் சொல்வதில்லை, கிட்டத்தட்ட கடைசியில்தான் போகிற போக்கில் சொல்கிறார். 1959-இல் ஒரு அமெரிக்க வாசகனைத் தன் இனத்தான் என்று நினைத்தே ஒரு ஆசிய நாயகனின் பின்னால் போகவைத்தது சாதாரண விஷயமில்லை. போர்வெறி நாவல் என்று திட்டு வாங்கிய புத்தகம் இதில் முன்னே நிற்கிறது, அதைக் கிண்டல் செய்ய வந்த படம் நாயகனை வெள்ளையனாக்கிவிட்டது. இங்கே இரண்டு விதமாக வாதிடலாம். பிரசாரப் படத்துக்கு ஏற்ற மாதிரி பொன்னிறத் தலைமுடியும் செதுக்கிய தாடையும் வேண்டும் என்று வெர்ஹோவன் வேண்டுமென்றேதான் அப்படித் தேர்ந்தெடுத்தார், அந்த உலகம் எல்லாக் கலாசாரத்தையும் கரைத்துப் பெயரை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது என்று காட்டவே அப்படிச் செய்தார் என்பது ஒரு வாதம். ஹாலிவுட்டில் ஆசிய நாயகனை வைத்து இவ்வளவு பெரிய படத்துக்குக் காசு புரளாது என்பது இன்னொன்று. வெர்ஹோவன் பேட்டிகள் முதலாவதுக்குத் துணை நிற்கின்றன. ஆனாலும் நையாண்டிக்காகச் செய்த தேர்வும் வியாபாரத்துக்காகச் செய்யும் தேர்வும் ஒரே முகத்தில் வந்து முடிவதை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். எப்படியிருந்தாலும், எல்லோரும் சமம் ஆனால் எல்லோரும் ஒரே மொழிதான் பேச வேண்டும் என்ற சமத்துவத்தைக் கண்டு 1965-ஐக் கண்ட ஊர்க்காரர்கள் கைதட்ட மாட்டார்கள்.

படத்தின் சொந்தக் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டிஸ்ஸி ஃப்ளோரெஸ் நல்ல வீராங்கனை, பல இடங்களில் ரிக்கோவைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அவள் கதை என்ன? அவன் பின்னாலேயே படைப்பிரிவு மாறி வருகிறாள், கடைசியில் அவன் மனம் கனிகிறது, அடுத்த சண்டையிலேயே செத்துப்போகிறாள், நீ எனக்குக் கிடைத்தாயே அது போதும் என்ற பொருளில் சொல்லிவிட்டு. இந்தச் சாவை நாம் எத்தனை தமிழ்ப் படத்தில் பார்த்திருக்கிறோம்! துப்பாக்கியைக் கொடுத்தார்கள், கதையை மாற்றவில்லை. கறுப்பின வீரர் ஷுகர் வாட்கின்ஸ், காயம்பட்டு, மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று குண்டோடு குகையில் தங்கிவிடுகிறார். இதுவும் ஹாலிவுட்டின் பழைய பழக்கம்தான். இவையெல்லாம் நையாண்டியின் பகுதி என்று சாதிக்கும் ரசிகர்கள் உண்டு. எதைக் காட்டினாலும் நையாண்டி என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால் அப்புறம் விமர்சனம் என்ற ஒன்று எதற்கு?

எதிரியை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில் படம் மறுபடி கூர்மையாகிறது. பூச்சிகளுக்கு முகம் இல்லை, பேச்சு இல்லை. ஃபில் டிப்பெட் குழு உருவாக்கிய அந்த உருவங்கள் இத்தனை வருடம் கழித்தும் பார்க்க மிரட்டலாக இருக்கின்றன. ஆனால் செய்தித் துண்டு ஒன்றைக் கவனியுங்கள். மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தீவிரவாதிகள் சிலர் அரசின் எச்சரிக்கையை மீறிப் பூச்சிகளின் எல்லைக்குள் போய்க் குடியேறினார்கள், கொல்லப்பட்டார்கள் என்று வரும். யார் வீட்டுக்குள் யார் போனார்கள் என்பது அதிலேயே இருக்கிறது. பிறகு போருக்குப் புறப்படும் வீரர்களுக்கு நடுவே ஒரு நிருபர், மனிதர்கள் அவற்றின் இடத்தில் நுழைந்ததால்தான் இது வந்தது, அவற்றை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்களே என்கிறார். மொத்தப் படத்திலும் மாற்றுக்கருத்துக்குக் கிடைக்கும் இடம் அந்த ஒரு வாக்கியம்தான், அதுவும் 'சிலர்' வாயிலிருந்து. அந்தச் சிலர் திரையில் வருவதே இல்லை. ரிக்கோ குறுக்கே பாய்ந்து, நான் போயனஸ் அயர்ஸ்காரன், எல்லாவற்றையும் கொல்ல வேண்டும் என்று கத்துகிறான். வகுப்பில் இந்த இடத்தில் கைதட்டல் வரும். நான் ஒன்றும் சொல்வதில்லை, அந்தத் துண்டை இன்னொரு முறை போடுவேன். இரண்டாம் முறை யாரும் கைதட்டுவதில்லை. வேறொரு துண்டில் தொலைக்காட்சி விவாதம். பூச்சிக்கும் மூளை இருக்கலாம் என்று ஒருவர் சொல்ல, சிந்திக்கும் பூச்சி என்ற எண்ணமே எனக்கு அவமானமாக இருக்கிறது என்று மற்றவர் பொங்குகிறார். நம் ஊர் டிவி விவாதங்களை இரவு ஒன்பது மணிக்குப் பார்ப்பவர்களுக்கு அந்தத் தொனி பழக்கமானதுதான்.

இந்த வேலையை நம் சினிமாவும் செய்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசு போர் ஆதரவுப் படங்கள் எடுக்கச் சொல்லித் தயாரிப்பாளர்களை நெருக்கியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் எடுத்த 'பர்மா ராணி' 1945-இல் வந்தது. ஜப்பானியர் பிடியில் இருக்கும் பர்மாவில் மாட்டிக்கொள்ளும் இந்திய விமானிகளின் கதை. பாட்டும் காதலும் சாகசமும் உண்டு, ஜனங்கள் பொழுதுபோக்காகப் பார்த்தார்கள். அதே பர்மாவுக்குள் நேதாஜியின் படையில் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் எதிர்ப்பக்கம் நின்றார்கள் என்பதற்கு அந்தக் கதையில் இடமிருக்க முடியாது. திரையில் இந்தியர் வீரமாக இடம்பெற்றார்கள், யாருடைய போரை எதற்காக என்ற கேள்விக்கு மட்டும் இடமில்லை. வெர்ஹோவன் இந்த வகைப் படத்தைத்தான் தன் எதிர்கால அரசு எடுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று எடுத்துக்காட்டுகிறார். 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' பிரசாரப் படத்தைப் பற்றிய படம் என்பதைவிட, பிரசாரப் படமே வேஷம் கட்டி நம் முன்னால் ஆடுகிறது என்பது பொருத்தம்.

அந்த வேஷம் பொருந்திப்போனதுதான் சிக்கல். நையாண்டி என்றால் கண்ணடிக்கும் பாத்திரம் ஒன்றாவது இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இதில் இல்லை. ஏறக்குறைய 10 கோடி டாலர் செலவில் எடுத்த படம் வட அமெரிக்காவில் சுமார் 5.5 கோடிதான் வசூலித்தது, உலகம் முழுக்கச் சேர்த்து 12 கோடி அளவில். அப்போது அமெரிக்கப் பத்திரிகைகளில் இது நாஜி அழகியலைக் கொண்டாடும் படம் என்று எழுதியவர்களும் உண்டு. 2001-க்குப் பிறகு, குறிப்பாக ஈராக் போருக்குப் பிறகு, படத்தின் மதிப்பு ஏறியது. இன்று அதன் வசனங்களை இணையத்தில் கிண்டலாகப் பயன்படுத்துபவர்கள் பாதி, நிஜமான ஆவேசத்தோடு பயன்படுத்துபவர்கள் பாதி. நையாண்டி வெற்றியா தோல்வியா என்பதற்கு உறுதியான விடை கிடையாது. என் கருத்து, பார்க்கும்போது ரத்தம் சூடேறியவர்தான் படத்தைச் சரியாகப் பார்த்தவர். சூடேறியதா என்று தன்னையே கேட்டுக்கொள்வது அடுத்த வேலை. எனக்கே பாசில் போலடூரிஸின் இசை எழும்போது முதுகு நிமிர்கிறது, என்ன செய்ய?

நீங்கள் குறிப்பிட்ட அந்தக் கறுப்பினப் பெண் தளபதியையும் பார்த்துவிடலாம். பூச்சிகளின் கிரகமான க்ளென்டாத்து மீதான படையெடுப்பில் ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் சாகிறார்கள். வெள்ளைக்காரத் தளபதி தோல்விக்குப் பொறுப்பேற்று விலக, அந்தப் பெண் வருகிறார். முதல் உரையிலேயே பூச்சியோடு போரிட வேண்டுமானால் பூச்சியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். நல்ல வாக்கியம், புத்திசாலித்தனமான வாக்கியம். ஆனால் அந்தப் புரிதல் எங்கே போய் முடிகிறது? மூளைப் பூச்சியைப் பிடித்துக் கட்டி இழுத்து வருகிறார்கள். ரிக்கோவின் பள்ளி நண்பனும் மனதைப் படிக்கும் சக்தி உள்ளவனுமான கார்ல் நீளமான கறுப்புக் கோட்டில் வந்து அதன் மேல் கையை வைத்து, "அது பயப்படுகிறது" என்கிறான். சுற்றி நிற்கும் வீரர்கள் ஆரவாரம் செய்கிறார்கள். எதிரிக்கும் உணர்வு உண்டு என்று தெரிந்துகொண்ட தருணம்தான் அவர்களுக்குக் கொண்டாட்டம். அந்தத் தளபதி ஆணாக இருந்திருந்தாலும் வெள்ளையாக இருந்திருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும். அவர் அந்தப் பதவியில் இருப்பது அவருக்கு நியாயம், அந்தப் பதவிக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை. எனவே நீங்கள் பார்த்த சமத்துவத்தை நீங்கள் தவறாகப் பார்க்கவில்லை. உங்கள் நண்பருக்கும் இதைச் சொல்லுங்கள். அந்தச் சமத்துவம் இல்லாமல் இந்த நையாண்டி வேலையே செய்யாது.

இனி எரிகல். போயனஸ் அயர்ஸை அழித்த எரிகல்லைப் பூச்சிகள் அனுப்பவில்லை, போருக்குக் காரணம் வேண்டி அரசே செய்தது அல்லது தானாக வந்து விழுந்ததை அரசு பயன்படுத்திக்கொண்டது என்று ஒரு வாதம் இணையத்தில் பிரபலம், அது உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். படம் அப்படி எங்கும் சொல்லவில்லை. வாதத்துக்குச் சாதகமாக இருப்பது, பூச்சிகளின் கிரகம் பால்வெளி மண்டலத்தின் மறுபுறம் இருப்பதாகப் படமே வரைபடம் போட்டுக் காட்டுகிறது, அங்கிருந்து எறிந்த கல் வந்து சேர எத்தனை யுகம் ஆகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. பாதகமாக இருப்பது, ஒளியைவிட வேகமாகக் கப்பல்கள் ஓடும் படத்தில் அந்தக் கணக்கைக் கொண்டுபோய் வைப்பதே சரியா என்பது, அதோடு பூச்சிகள் வானத்தை நோக்கிச் சுட்டுக் கப்பல்களை உடைப்பதைக் கண்ணால் காட்டுகிறார்கள் என்பதும். ஆகவே இரண்டு பக்கமும் சாட்சி அரைகுறைதான். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகப் படுவது, ஒரு மாநகரமே அழிந்த பிறகும் படத்துக்குள் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்காதது. நம் ஊராக இருந்தால் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டு விசாரணைக் கமிஷனாவது அமைத்திருப்பார்கள், அறிக்கை வர நாலு வருடம் ஆனாலும். அங்கே க்ளென்டாத்துவில் தோற்றதற்காகத் தளபதி மாறினார், நகரம் அழிந்ததற்குக் கணக்குக் கேட்க யாரும் வரவில்லை.